சந்திர வட்டத்தைக் கடக்கும் பறவைகள்: நிழலுருவைக் கொண்டு இனம் அறிதல்

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், வானம் தெளிவாக இருக்குங்கால், ஒரு சிறு தொலைநோக்கியைச் சந்திரன்மீது திருப்பி அரைமணி நேரம் பொறுமையுடன் அமர்ந்திருப்பவர், ஒளிமிக்க அவ்வட்டத்தின் குறுக்கே ஒரு கரிய உருவம் விரைந்து செல்வதைக் காணக்கூடும். கண் இமைப்பதற்குள் அது மறைந்துவிடும். புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலும், மீண்டும் பங்குனி, சித்திரை மாதங்களிலும் இத்தகைய உருவங்கள் மிகுதி. வடபுலத்திலிருந்து இந்தியாவுக்கு வலசை வரும் பறவைகளுள் மிகப் பல இரவிலேயே பயணம் செய்கின்றன என்பதே இதற்குக் காரணம். இருளில் நாம் காணாத அப்பெரும் போக்குவரத்தின் மிகச் சிறு பகுதியொன்று சந்திரனுடைய ஒளியில் நமக்குப் புலனாகின்றது.

கண்டவுடன் எழும் முதல் வினா, "அஃது என்ன பறவை?" என்பதாகும். களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வினாவிற்கு எதுவரையில் விடை கூறலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம். விடையில் நேரும் பிழை வெறும் பெயர்ப் பிழையாக நில்லாது எண்ணிக்கையையும் கெடுத்துவிடும் ஆதலின், இது கவனத்திற்குரியது.

சந்திரனை நோக்கிப் பறவைகளை எண்ணும் முறை புதிதன்று. 1880 அக்டோபரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், வானநூல் தொலைநோக்கி ஒன்றில் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்த டபிள்யூ. இ. டி. ஸ்காட் என்பார், அவ்வட்டத்தைக் கடந்த பறவைகளைக் குறித்து எழுதினார். 1887 செப்டம்பரில் ஃபிராங்க் சாப்மன் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஒரே இரவில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்குள் 262 பறவைகளை எண்ணினார். எனினும், இவ்வாறு எண்ணியதை முறையான கணக்காக மாற்றும் வழியை வகுத்தவர் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவரி ஆவார். வானநூலறிஞர் வில்லியம் ரென்ஸின் துணையுடன் 1940களில் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி 1951இல் நூலாக வெளிவந்தது. 1952 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அந்நாடெங்கும் ஆர்வலர் பலர் ஒரே இரவுகளில் சந்திரனை நோக்கியிருந்து குறிப்பெடுத்தனர். அக்குறிப்புகளை ஆராய்ந்து லோவரியும் ராபர்ட் நியூமனும் 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். இரவு வலசை நள்ளிரவுக்குச் சற்று முன்னர் உச்சமடைந்து பின்னர்த் தணிகின்றது என்பதை விளக்கியவை இத்தகைய பதிவுகளே. இவர்கள் இனப்பெயரைவிட எண்ணிக்கைக்கும் திசைக்குமே முதலிடம் தந்தனர் என்பது நாம் நினைவில் இருத்தத்தக்கது.

அளவு தரும் மயக்கம்

சந்திரனின் விட்டம் நம் கண்ணில் ஏறத்தாழ 31 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சிறிது மிகுதி. நம் கண்ணை முனையாகக் கொண்டு சந்திரனை நோக்கி விரிந்து செல்லும் ஒரு கூம்பை மனத்திற் கொள்க. அக்கூம்பின் அகலம், எவ்விடத்தில் அளந்தாலும், நம்மிலிருந்து அவ்விடத்திற்குள்ள தொலைவில் 110இல் ஒரு பங்காக இருக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அஃது 9 மீட்டர். 220 மீட்டர் தொலைவில் 2 மீட்டரே.

இனி, பட்டைத்தலை வாத்து ஒன்று ஒரு கிலோமீட்டர் தொலைவில் அக்கூம்பைக் கடப்பதாகக் கொள்வோம். அதன் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டர் அளவினது. எனவே அது சந்திர வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு அகலத்திற்குத் தோன்றும். தகைவிலான் குருவியின் சிறகு விரிப்பு 33 சென்டிமீட்டர். அது 220 மீட்டர் தொலைவில் கடந்தால் அதுவும் வட்டத்தின் ஆறில் ஒரு பங்காகவே தோன்றும். ஆக, வட்டத்தில் காணும் அளவு ஒன்றை மட்டும் கொண்டு வாத்து என்றோ குருவி என்றோ கூறுதல் இயலாது. பறவையின் இனம் தெரிந்தால் தொலைவைக் கணிக்கலாம். தொலைவு தெரிந்தால் பருமனைக் கணிக்கலாம். இரண்டும் தெரியாதபோது ஒன்றை ஊகித்து மற்றொன்றை நிறுவ முற்படுவதே இத்துறையில் நேர்ந்த பிழைகளுள் பெரும்பாலானவற்றிற்கு வேர்.

இதனால் எண்ணிக்கை எங்ஙனம் கெடும் என்பதையும் காண்க. சந்திரன் கண்ணுக்குப் புலனாகும் வானத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கையே மறைக்கின்றது. ஆகவே கண்ட ஒவ்வொரு பறவையும் காணாத பல பறவைகளுக்குப் பிரதிநிதியாகக் கொள்ளப்படுகின்றது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் வட்டத்திற்கு நேர் குறுக்காகச் செல்லும் வாத்து ஒன்று 9 மீட்டர் அகலமுள்ள வாயிலைக் கடந்தது. ஒரு கிலோமீட்டர் அகலத்திற்கு அதனைப் பெருக்கினால் சுமார் 110 பறவைகள் என்றாகும். அதே உருவத்தை 220 மீட்டரில் பறந்த குருவி எனக் கொண்டால் வாயிலின் அகலம் 2 மீட்டர். பெருக்கம் 500 ஆகிவிடும். குறிப்பேட்டில் எழுதிய ஒரு சொல் கணக்கை நான்கு மடங்கிற்கு மேல் மாற்றிவிடுகின்றது.

இந்தியாவில் இதற்கு நெடுங்காலம் சான்றாகக் கூறப்பட்ட கதை ஒன்றுண்டு. 1919இல் டேராடூனில் சூரியனைப் படம் பிடித்த ஒருவருடைய படத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று சூரிய வட்டத்தைக் கடப்பது பதிவாயிற்று என்றும், அவை வியத்தகு உயரத்தில் பறந்தன என்றும் நூல்கள் பல எழுதிவந்தன. உயரத்தின் அளவு நூலுக்கு நூல் மாறுபட்டது. ஒரு கூற்றின்படி அது எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் இரு மடங்கு கடந்தது! பிற்கால அறிஞர் அதனை ஏற்கவில்லை. உருவத்தின் அளவிலிருந்து உயரத்தைக் கணிக்கும்போது, பறவை இன்னது என்று முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. உண்மையில் 75 சென்டிமீட்டர் விரிப்புள்ள பறவையை ஒன்றரை மீட்டர் விரிப்புள்ளதாகக் கருதிவிட்டால் தொலைவு இரு மடங்காகிவிடும். வானத்தில் வாத்து தானே ஏறிவிடும்.

பட்டைத்தலை வாத்துக்கள் இமயத்தைக் கடப்பது கட்டுக்கதையன்று. செயற்கைக்கோள் வழியாகத் தடம் அறியும் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்த அறிஞர் குழு வெளியிட்ட முடிவுகளின்படி, அவை எட்டிய மிகுந்த உயரம் 7,290 மீட்டர். எனினும் 6,000 மீட்டரை அவை அரிதாகவே கடந்தன. பகலில் மலைச்சரிவில் மேலெழும் காற்றைப் பயன்படுத்தாமல், காற்று அடங்கிய இரவிலும் விடியற்காலையிலுமே அவை ஏறின என்பது அவ்வாராய்ச்சியில் கண்ட வியப்பான செய்தி. எனவே இமய அடிவாரத்திலுள்ள நம் பணியாளருக்குச் சந்திர வட்டத்தில் இவ்வாத்தைக் காணும் வாய்ப்பு மெய்யாகவே உண்டு. ஆனால் ஏழு கிலோமீட்டர் தொலைவில் வட்டத்தின் அகலம் 63 மீட்டருக்கு மேல். அங்கு வாத்து வட்டத்தின் 42இல் ஒரு பங்கே. சிறு தொலைநோக்கியில் அஃது ஒரு புள்ளிக்கு மேல் அன்று. அப்புள்ளியை 'வாத்து' என எழுதுவதற்கு நம்மிடம் ஆதாரம் இராது.

நிழலுருவில் நோக்கத்தக்கவை

முதலில் பறவையல்லாதவற்றை விலக்க வேண்டும். தொலைநோக்கி சந்திரனுக்குக் கூர்மையாக்கப்பட்டிருப்பதால், அண்மையில் உள்ளவை மங்கித் தோன்றும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியில், 20 மீட்டர் தொலைவில் செல்லும் விட்டிற்பூச்சியின் விளிம்பு சந்திர வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்திற்குக் கலங்கிப் பரவும். 500 மீட்டரில் இம்மங்கல் புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே, பெரிதாகவும் விளிம்பு கலங்கியும் தோன்றுவது அண்மையிலுள்ள பூச்சி அல்லது சிறு வௌவால். விளிம்பு கத்தியால் வெட்டியது போலிருப்பின் அது தொலைவிலுள்ளது. இஃது ஒன்றே அளவின் மயக்கத்தை ஓரளவு தீர்க்கும் சோதனையாதலின், ஒவ்வொரு உருவத்திற்கும் 'விளிம்பு கூர்மை' அல்லது 'விளிம்பு மங்கல்' என்பதை முதலில் எழுதுவது நன்று.

பழந்தின்னி வௌவால் இச்சோதனைக்கும் தப்பிவிடும். அதன் சிறகு விரிப்பு ஒரு மீட்டருக்கு மேற்பட்டது. உயரமாகவும், நிதானமான சிறகடிப்புடனும், ஒன்றன்பின் ஒன்றாகவும் செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் இராஜஸ்தானத்தில் ஒரு நீர்நிலையருகே, சந்திரன் எழுந்து அதிக நேரம் ஆகாத ஒரு மாலையில், கூரிய விளிம்புடன் பதினோரு பெரிய உருவங்கள் வட்டத்தைக் கடந்ததைக் கண்டு, நான் தயங்காது 'வாத்து, 11' என்று கூறிவிட்டேன். பருவமும் இடமும் வாத்துக்குப் பொருந்தியிருந்தன. அதுவே என்னை ஏமாற்றியது. குறிப்பெழுத வந்திருந்த கிராமப் பள்ளி ஆசிரியர், எழுதுகோலை நிறுத்தி, கழுத்து முன்னால் நீண்டிருந்ததா என்று வினவினார். கழுத்தை நான் நோக்கவேயில்லை. மறுநாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவ்விடத்திற்குச் சென்று பார்த்தோம். தொலைவிலிருந்த ஆலமரத் தோப்பிலிருந்து வௌவால்கள் அதே திசையில், அதே ஒழுங்கில் புறப்பட்டுச் சென்றன. முந்தைய வரியை அடித்துத் திருத்தினேன். அன்றுமுதல் பெயரை இறுதியில்தான் எழுதுவது என்ற வழக்கத்தை மேற்கொண்டேன். வௌவாலுக்கு நீண்ட கழுத்தும் இல்லை, பின்னால் துருத்தும் வாலும் இல்லை. சிறகின் பின்விளிம்பு குடைத்துணி போல வளைவு வளைவாக இருக்கும். இவற்றை நோக்கியிருந்தால் அவ்விரவே தெளிந்திருக்கலாம்.

பெரிய நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரையில் கழுத்தும் காலுமே முதல் அடையாளம். கொக்கும் நாரையும் ஒருங்கே பேசப்படுவதால் மாணவர் இங்குக் குழம்புவர். வெண்கொக்கு, சாம்பல் நாரை, வக்கா ஆகிய கொக்குக் குடும்பத்தவை பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளிடையே இழுத்துக்கொள்ளும். ஆதலின் முன்புறம் மொட்டையாகவும், பின்புறம் கால் நீண்டும் காணப்படும். வக்காவின் கால் சிறிதே துருத்தும். உருவம் முழுவதும் குறுகித் திரண்டிருக்கும். மாலையில் இரை தேடப் புறப்படும்போது கரகரத்த ஒற்றைக் குரலால் தன்னை அறிவித்துக்கொள்வது அதன் இயல்பு. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் ஆகியவை கழுத்தை நீட்டியே பறக்கும். சாரசக் குடும்பத்தைச் சேர்ந்ததும், இராஜஸ்தானத்தில் குர்ஜா என வழங்கப்பெறுவதுமான பறவையும் அங்ஙனமே கழுத்தையும் காலையும் நீட்டிச் செல்லும்.

பூநாரையைப் பற்றித் தனியே கூற வேண்டும். அதன் சிறகு விரிப்பும் பட்டைத்தலை வாத்தின் விரிப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் வரிசையாகச் செல்வன. இரண்டும் இரவில் பறப்பன. ஆயின் பூநாரையின் கழுத்தும் காலும் மெலிந்து இருபுறமும் சமமாக நீள்வதால், நடுவில் சிறகு பொருத்திய ஒரு கோல் போல அது தோன்றும். வாத்துக்கு முன்புறம் மட்டுமே நீட்சி. பின்புறம் குறுகிய வாலுடன் முடிந்துவிடும். கட்ச் வளைகுடாப் பகுதியிலும் சிலிகா ஏரியிலும் பணிபுரிவோர் இவ்வேற்றுமையை நன்கு பழகிக்கொள்ளல் வேண்டும். கிளுவை, ஊசிவால் வாத்து முதலிய சிறு வாத்துக்களும் கழுத்தை நீட்டுபவையே. எனினும் அவற்றின் சிறகு ஒடுங்கிக் கூரியதாய், வாத்தைவிட மிக விரைவாக அடிப்பதாய் இருக்கும்.

சந்திரன் எவ்வுயரத்தில் உள்ளது என்பது, நாம் பறவையின் எப்பக்கத்தைக் காண்கிறோம் என்பதைத் தீர்மானிக்கின்றது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சந்திரன் தாழ்ந்திருந்தால் பறவையைப் பக்கவாட்டிலோ, எதிரிலோ, பின்னாலோ காண்போம். பக்கவாட்டில் கழுத்தும் காலும் தெளிவு, சிறகின் வடிவம் தெரியாது. எதிரே வரும் வாத்து, கழுத்தே இல்லாத உருண்டையாகத் தோன்றும். உச்சியை அண்டியிருந்தால் சிறகு, வால் ஆகியவற்றின் முழு வடிவமும் கீழிருந்து தெரியும். வட இந்தியாவில் மார்கழிப் பௌர்ணமிச் சந்திரன் நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு நேராக வரும். சிறகு வடிவத்தைப் பழகுவதற்கு அதனினும் ஏற்ற இரவில்லை. வலசையின் உச்சப் பருவம் அப்போது கடந்துவிடுகின்றது என்பது மட்டுமே குறை.

சிறு பறவைகளில் உருவத்தைவிடச் சிறகடிப்பே பேசும். உள்ளான், உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகள் இடைவிடாது சிறகடித்துச் செல்லும். சிறகு நீண்டு கூரியது. வாலாட்டி போன்ற குருவியினங்கள் சில அடிகள் அடித்து, சிறகை மூடி, அம்பு போல் சிறிது தூரம் சென்று, மீண்டும் அடிக்கும். ஆகவே வட்டத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் சிறகே இல்லாத சிறு கதிர்க்கோல் போன்ற உருவம் தென்பட்டால் அது பெரும்பாலும் குருவியினமாகும். வானொலி அலைகளைக் கொண்டு பறவைகளை அறியும் ராடார்க் கருவியிலும், இவ்விரு வகைச் சிறகடிப்பைக் கொண்டே அவற்றைப் பிரிக்கின்றனர். வட்டத்தில் காணும் குருவியினத்தை அதற்குமேல் பிரித்துப் பெயர் கூறுவது, என் கருத்தில், துணிவேயன்றி அறிவன்று.

கார்த்திகையில் மற்றொரு விருந்தினரும் உளர். சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலிருந்தும் வடசீனத்திலிருந்தும் நாகாலாந்து வழியாக ஆப்பிரிக்கா செல்லும் அமூர் வல்லூறுகள் இந்தியத் தீபகற்பத்தையும் அரபிக்கடலையும் இரவு பகலாக நில்லாது கடப்பதை, 2013 முதல் செயற்கைக்கோள் வழியே அறிந்துள்ளோம். நீண்ட அரிவாள் சிறகும் நீண்ட வாலும் உடைய உருவங்கள் தனித்தனியே, ஒரே திசையில் தொடர்ந்து சென்றால், 'வல்லூறு வடிவம்' என்று எழுதி வைத்தல் தகும்.

நேரமும் ஒரு சான்றே. ஒரு கிலோமீட்டரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாத்து வட்டத்தை நடுவாகக் கடக்க அரை வினாடிக்குச் சற்று மிகுதியாகும். அதற்குள் இரண்டு முறை சிறகடித்துவிடும். 220 மீட்டரில் மணிக்கு 36 கிலோமீட்டரில் பறக்கும் தகைவிலான் ஐந்தில் ஒரு வினாடியில் கடந்துவிடும். ஒரே அளவாகத் தோன்றிய இரண்டு உருவங்களும் நேரத்தில் இரண்டரை மடங்கு வேறுபடுகின்றன. கண்ணால் இதனை அளப்பது கடினம். இக்காலத்தில் கைப்பேசியைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் பொருத்தி அசைபடம் எடுக்க முடிவதால் அளவு எளிதாயிற்று. வினாடிக்கு 60 படம் எடுக்கும் கருவியில் வாத்தின் ஒரு கடப்பு முப்பது படங்களுக்கு மேல் தரும். சிறகடிப்பைப் படம் படமாக எண்ணலாம். ஓக்லஹோமாவில் சந்திரனைத் தானே தொடர்ந்து படமெடுக்கும் ஒரு சிறு கருவியை ஆராய்ச்சியாளர் அமைத்து 2020இல் விவரம் வெளியிட்டுள்ளனர். எனினும் கண்ணால் நோக்குதல் வழக்கொழிய வேண்டிய காரணம் எதுவுமில்லை.

குறிப்பு எழுதும் முறை

20 முதல் 30 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். உருவைத் தலைகீழாகக் காட்டாத தரைநோக்கு வகையாயின் நன்று. வானநூல் வகையாயின், தலைகீழ்த் தோற்றம் என்று தாளின் தலைப்பிலேயே எழுதுக. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்கள் ஏற்றவை. நோக்குபவர் கண்ணை எடுக்கலாகாது, எழுதுபவர் வேறொருவர். கால்மணி நேரத்திற்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்க. சந்திர ஒளி கண்ணுக்குத் தீங்கன்று, அயர்ச்சியே தரும். சூரியனை இவ்வாறு நோக்குவது பார்வையை அழித்துவிடும் என்பதை மாணவர்க்கு முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, மேற்புறத்தை 12 எனக் கருதி, பறவை நுழைந்த மணியையும் வெளியேறிய மணியையும் கூறுவது லோவரி வகுத்த எளிய வழி. 'நான்கில் நுழைந்து பத்தரையில் வெளியேறியது' என்பது போல எழுதினால், நேரத்தைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் பறந்த திசையைப் பிற்பாடு கணக்கிடலாம். பின் விளிம்பு, கழுத்து, கால், சிறகு, சிறகடிப்பு, கூட்டம். அதன் பின்னரே, தோன்றினால், வகையின் பெயர். 'நீள்கழுத்து, கால் துருத்தவில்லை, நிதான அடிப்பு' என்ற வரியைப் பத்து ஆண்டுகள் கழித்தும் ஒருவர் எடுத்து ஆராயலாம். 'வாத்து' என்று மட்டும் எழுதிய வரியை நம்பவும் இயலாது, சோதிக்கவும் இயலாது. பறவை கடக்காத நேரத்தையும், மேகம் மறைத்த நிமிஷங்களையும் எழுதாமல் விடும் வழக்கம் பல தாள்களில் காணப்படுகின்றது. அவையின்றி மணிக்கு எத்தனை என்று கணக்கிட வழியில்லை.

வகுப்பறையில் இதனைப் பகலிலேயே பயிற்றலாம். 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தாள்வட்டம் ஒன்றைச் சன்னலில் ஒளி ஊடுருவும்படி ஒட்டுக. ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டருக்குச் சமம் எனக் கொண்டால், அது ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூம்பின் குறுக்குவெட்டு. கறுப்புத் தாளில் ஒன்றரை சென்டிமீட்டர் விரிப்புடன் வாத்து, பூநாரை, மடித்த கழுத்துடன் நாரை, வௌவால் ஆகியவற்றை வெட்டி நூலில் ஒட்டுக. மாணவனை அரை மீட்டர் தொலைவில் ஒரு கண்ணை மூடி நிற்கச் செய்தால், 20 மடங்கு தொலைநோக்கியில் சந்திரன் தோன்றும் அளவிலேயே வட்டம் அவனுக்குத் தோன்றும். மற்றொருவன் நூலை அரை வினாடியில் இழுக்கட்டும். கண்டவன் பெயரைக் கூறாது, கழுத்தையும் காலையும் மட்டும் கூற வேண்டும். முதல் நாளில் பத்தில் எத்தனை சரியாக வந்தன என்பதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து, வௌவாலை எத்தனை பேர் வாத்தின் கழுத்தோடு கண்டனர் என்பதையும் தனியே எண்ணிப் பார்க்கலாம்.